அடுத்து வரும் சென்னை மேயர் எதை முதலில் கையில் எடுக்க வேண்டும்?

கேள்வி: மணலி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மணலியில் 26 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். 2011ஆம் ஆண்டுக்கு முன்பு மணலி தனி நகராட்சியாக இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்றாலோ குப்பை அள்ளப்படவில்லை என்றாலோ நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தே போய், உரியவரைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்ப முடிந்தது. சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பிறகு சாலைகளும் வடிகால்களும் கூடியிருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் பகுதியைப் பற்றிய முடிவுகளை எடுப்பது யார், எந்த இடத்தில், எப்போது என்பது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027இல் நிறைவு பெறும். அதன் பிறகு இப்போதைய மேயரே தொடரலாம், வேறொருவரும் வரலாம். அது யார் என்பதையோ எந்தக் கட்சி என்பதையோ நான் இங்கே பேச வரவில்லை. பதவியேற்கும் நாளில் ஒரு மேயர் எந்த வேலையை முதலில் வைக்க வேண்டும், எதைப் பின்னுக்குத் தள்ளலாம்? ஆணையர், மாநில அரசு, 200 கவுன்சிலர்கள், பொதுமக்கள் ஆகியோரிடையே அவர் நிர்வாகத்தை எப்படி நடத்திச் செல்ல வேண்டும்? மேயர் என்பவர் விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றுபவர் மட்டும்தான் என்று என் சக ஆசிரியர்களே சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது உண்மையானால் நாம் எதற்காக வாக்களிக்கிறோம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் என் வகுப்பு மாணவர்களிடமும் எடுத்துச் சொல்வேன்.

பதில்: வழக்குரைஞர், புரசைவாக்கம்

அம்மா, உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் மறு பாதியில் என்ன செய்ய முடியும் என்பது விளங்கும்.

சென்னை மாநகராட்சியில் நிறைவேற்றும் அதிகாரம் மேயரிடம் இல்லை. மாநில அரசு நியமிக்கும் இந்திய ஆட்சிப் பணி அலுவலரான ஆணையரிடம்தான் இருக்கிறது. ஊழியர்களை வேலை வாங்குவதும் பணி ஆணைகளில் கையெழுத்திடுவதும் அவரே. மேயர் மாமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். மேலும், நகரத்தின் பெரும்பாலான தலைவலிகள் மாநகராட்சியின் கைக்கு வெளியே இருக்கின்றன. குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியத்திடம் உள்ளன. பேருந்துகளை மாநகர் போக்குவரத்துக் கழகம் இயக்குகிறது. நில வகைப்பாட்டையும் பெரிய கட்டடங்களுக்கான அனுமதியையும் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கவனிக்கிறது. கூவம், அடையாறு, கொசஸ்தலை ஆகிய ஆறுகளும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையின் பொறுப்பு. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஒப்படைப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டதால், எந்தக் கட்சி ஆண்டாலும் கோட்டை தன் பிடியைத் தளர்த்தவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 1688இல் தொடங்கிய இந்த மாநகராட்சியில் 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடக்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 23 ஆண்டுகள் அதிகாரிகள் மட்டுமே நகரத்தை நடத்தினார்கள். பிறகு 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபோது மீண்டும் தேர்தல் தள்ளிப்போய் 2022இல்தான் நடந்தது. அந்த இடைவெளிக்குள் வர்தா புயலும் 2019ஆம் ஆண்டின் குடிநீர்ப் பஞ்சமும் பெருந்தொற்றும் 2021 நவம்பர் வெள்ளமும் வந்துபோயின. அவை எதன்போதும் சென்னையின் வார்டுகளுக்குக் கவுன்சிலர் இல்லை. மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் நிலையாக இல்லை: 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மன்றமே அடிக்கடி இல்லாமற்போகும் ஊரில், மன்றத்தின் தலைவருக்கு என்ன மரபு உருவாகும், சொல்லுங்கள்?

இனி மறு பாதிக்கு வருகிறேன். வரவு செலவுத் திட்டம் மாமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், நகரமைப்பு, பணிகள், வரிவிதிப்பு மற்றும் நிதி என்று நிலைக்குழுக்கள் இருக்கின்றன. மண்டலங்களுக்கும் குழுத் தலைவர்கள் இருக்கிறார்கள். மாநகராட்சியின் ஆவணங்கள் அனைத்தையும் பார்வையிடும் உரிமையும், எந்தப் பொருள் குறித்தும் ஆணையரிடம் அறிக்கை கேட்டுப் பெறும் உரிமையும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மேயருக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தன. என் பார்வையில் புதிய மேயர் முதல் வேலையாக இந்த உரிமையைத்தான் கையில் எடுக்க வேண்டும். அறிக்கை கேட்க வேண்டும். வந்த அறிக்கையை மாமன்றத்தில் வைக்க வேண்டும். அதன்மீது விவாதம் நடத்த வேண்டும். ஒரே கூட்டத்தில் நூறு தீர்மானங்கள் படிக்கப்பட்டு ஒருமனதாக நிறைவேறுவதைவிட, ஐந்து தீர்மானங்கள் கேள்விகளைச் சந்தித்துத் திருத்தம் பெற்று நிறைவேறுவது நகரத்துக்கு நல்லது. குறிப்பாக, கணக்குக் குழுவின் தணிக்கைத் தடைகள், அதாவது செலவுக் கணக்கின்மீது தணிக்கையில் எழுந்த ஆட்சேபங்கள், ஆண்டுக்கணக்கில் கோப்பில் உறங்குவதற்கு முற்றுப்புள்ளி வைக்கும் மேயர், கையெழுத்து அதிகாரம் இல்லாமலேயே நிர்வாகத்தை வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், பெரம்பூர்

நான் 31 ஆண்டுகள் உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து உதவிப் பொறியாளராகத் தொடங்கிச் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். எந்த ஊர்களில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வழக்குரைஞர் சட்டத்தைச் சொன்னார். நான் நாட்காட்டியைச் சொல்கிறேன். ஏனென்றால் எங்கள் வேலையில் பாதி, நாட்காட்டியோடு போராடுவதுதான்.

2022இல் நடந்ததைப் போலவே மார்ச் மாதத்தில் மேயர் பொறுப்பேற்பதாக வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். ஆக, அவர் கையில் இருப்பவை ஏழு மாதங்கள். அந்த ஏழு மாதங்களுக்குள் மதிப்பீடு தயாரிக்க வேண்டும், தொழில்நுட்ப அனுமதி பெற வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், மன்றத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், பணி ஆணை தர வேண்டும். இவையெல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஜூன் வந்துவிடும். ஜூலையில் பள்ளம் தோண்டினால் செப்டம்பருக்குள் மூடியாக வேண்டும். ஒரு மாதம் தவறினால் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளமே மழைநாளில் ஆளை விழுங்கும் குழியாகிவிடும். ஆகவே பதவியேற்றதும் புதிய திட்டங்களை அறிவிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஏற்கெனவே தோண்டிக் கிடப்பவற்றை முடிப்பதையே முதல் ஏழு மாதங்களின் ஒரே வேலையாக வைத்துக்கொள்ளும் மேயரை நான் மதிப்பேன். அறிவிப்பு இல்லாவிட்டால் நாளிதழில் படம் வராது என்று உடன் இருப்பவர்கள் சொல்வார்கள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் படம் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

வடிகால் என்றதும் எல்லோரும் நீளத்தைத்தான் கேட்கிறார்கள். சென்னையின் மழைநீர் வடிகால்கள் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் 2021 வெள்ளத்துக்குப் பிறகும் நிறையக் கட்டியிருக்கிறார்கள். நீளத்தைப் பார்ப்பதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். சாலை ஓரத்தில் நீர் உள்ளே இறங்கும் வாய் திறந்திருக்கிறதா? வண்டல் தங்கும் தொட்டிகள் தூர்வாரப்பட்டிருக்கின்றனவா? ஒரு தெருவின் வடிகால் அடுத்த தெருவின் வடிகாலோடு சேருகிறதா, அல்லது நடுவே 15 அடி தூரம் விட்டுப்போயிருக்கிறதா? கடைசியில் கால்வாயில் விழும் இடம் கால்வாயின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? இந்த நான்கில் ஒன்று தவறினாலும் கட்டிய கிலோமீட்டர்கள் அனைத்தும் கான்கிரீட் பெட்டிகள்தான். விட்டுப்போன இணைப்புகளை வார்டு வாரியாக வரைபடத்தில் குறித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், எந்த இடத்தில் தவறு என்று குடியிருப்போரே சொல்லிவிடுவார்கள். நாங்கள் கருவி வைத்து மட்டம் பார்ப்போம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அந்தத் தெருவில் கோலம் போடும் அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும்.

கழிவுநீர் இணைப்பை மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகக் கொடுத்திருப்பதும் பெரிய கேடு. அதைத் துண்டிப்பதற்கு மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் சேர்ந்து தெருவில் இறங்க வேண்டும். அப்போது கவுன்சிலரின் ஆதரவு இல்லாவிட்டால் உதவிப் பொறியாளர் தனியே நின்று அடிவாங்க வேண்டியதுதான். மேயருடைய செல்வாக்கு இங்கேதான் தேவைப்படுகிறது.

சாலையைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய தார்ப்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. மில்லிங் என்று சொல்வார்கள். அதைச் செய்யாமல் மேலே மேலே போட்டதால்தான் பழைய தெருக்களில் வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. புதுச் சாலை போட்ட மறு மாதமே மின் கேபிளுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ அதை வெட்டுவதும் வழக்கமாகிவிட்டது. எல்லாச் சேவைத் துறைகளும் ஆண்டின் வெட்டுத் திட்டத்தை ஏப்ரலுக்குள் தர வேண்டும், தராத துறைக்கு அவசரப் பழுதைத் தவிர அனுமதி கிடையாது என்று மாமன்றம் தீர்மானம் போட்டு, மேயர் அதில் உறுதியாக நின்றால் போதும். அதற்குப் பணமே தேவையில்லை. நான் பணியில் இருந்த காலத்தில் ஒரே ஓர் ஊரில், ஒரே ஒரு தலைவர் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை எல்லாத் துறைப் பொறியாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார், வரைபடத்தை விரித்தார், அடுத்த மாதம் எந்தத் தெருவை யார் தோண்டுவது என்று முடிவாகும்வரை யாரும் எழுந்து போக முடியாது. முதல் இரண்டு கூட்டங்களுக்குக் கீழ்நிலை ஊழியர்களை அனுப்பிவிட்டுப் பெரிய அதிகாரிகள் வராமல் இருந்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு அவரே ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அழைப்பு விடுத்தார். பிறகு வந்தார்கள். அவருக்கும் கையெழுத்து அதிகாரம் இருந்ததில்லை.

பதில்: வியாசர்பாடி வாசகி

பொறியாளர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் தூர்வாருவதும் குப்பை அள்ளுவதும் தானாக நடப்பதில்லை. அவற்றைச் செய்யும் மனிதர்களைப் பற்றி இந்த உரையாடலில் இதுவரை ஒரு சொல்கூட வரவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேருகிறது. எங்கள் பகுதிக்கு அருகில்தான் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இரவெல்லாம் இருமல். நகரத்தின் வசதி அத்தனையும் எங்கள் மூச்சில் வந்து முடிகிறது என்று சொன்னால் மிகையல்ல. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடைசியில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் காவல் துறை அவர்களை அப்புறப்படுத்தியது. ஒப்பந்தம் சரியா தவறா என்பதில் இங்கே இருப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். நான் கேட்பது அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தைப் பற்றி. மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறும் முன்பே அந்தப் பெண்களை அழைத்து உட்காரவைத்து, உங்கள் சம்பளம் என்னவாகும், வைப்பு நிதி என்னவாகும், பத்துப் பதினைந்து ஆண்டுப் பணிக்காலம் என்னவாகும் என்று எடுத்துச் சொல்வதைத்தானே நிர்வாகம் என்கிறோம்?

எனவே புதிய மேயரிடம் நான் எதிர்பார்க்கும் முதல் வேலை, பதவியேற்ற வாரத்திலேயே விடியற்காலை ஆறு மணிக்குத் தூய்மைப் பணியாளர்கள் வருகைப் பதிவு செய்யும் இடங்களுக்குப் போவது. செய்தியாளர்களை அழைத்துச் செல்லக்கூடாது. கையுறை தருகிறார்களா, காலணி தருகிறார்களா, கழிப்பறை இருக்கிறதா, மாதம் எந்தத் தேதியில் சம்பளம் வருகிறது என்று கேட்க வேண்டும். வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தை வளர்ப்பதற்கும் அவர்களே சரியான ஆசிரியர்கள். வீட்டுக்காரர்களுக்கு அவர்களுடைய முகம் தெரியும்.

இரண்டாவது, பகுதி சபை. ஏரியா சபை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான். 2022இல் இதற்கான விதிகள் வந்தன. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன்கீழ் பகுதி சபைகள், ஆண்டில் சில முறையேனும் கூட்டங்கள் என்று ஏற்பாடு. கிராம சபையைப் போல நகரத்துக்கும் ஒன்று கிடைத்ததே என்று மகிழ்ந்து முதல் கூட்டத்துக்கு நான் என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனேன். நாற்பது பேர் வந்திருந்தோம். மனுக்களை வாங்கிக்கொண்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கொடுத்த மனு என்ன ஆயிற்று என்பதும் இன்றுவரை தெரியாது. என் மாமியார் அதன்பிறகு வர மறுத்துவிட்டார். புதிய மேயர் 200 வார்டுகளிலும் பகுதி சபைக் கூட்டத் தேதிகளை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்து, ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டத்தின் மனுக்களுக்கான பதிலோடுதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், மணலி ஆசிரியை கேட்ட 'யார், எந்த இடத்தில், எப்போது' என்ற கேள்விக்கு விடை தன்னால் கிடைக்கும்.

பதில்: பொது நிர்வாகவியல் மாணவன், அடையாறு

மூவரின் பதில்களையும் கவனமாகப் படித்தேன். அதிகாரம் குறைவாக இருந்தாலும் மேயர் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. அப்போது மேயர் பதவி கிடையாது. மாநகராட்சித் தலைவர் என்றுதான் பெயர். 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக்கூடாது என்று வரம்பும் விதித்தது. ஒரே பள்ளிதான். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. 1925இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக்கூடாது என்று அன்றைய அரசு தடை போட்டதால் நின்றுபோய், பின்னர் மீண்டும் தொடங்கியது. பின்னாளில் மாநிலம் முழுவதும் பரவிய மதிய உணவுக்கு அந்த ஒரு பள்ளி முன்னோடியாக நின்றது. நகரம் முழுவதற்கும் ஒரே நாளில் செய்ய நினைக்காமல், ஓரிடத்தில் செய்து காட்டி, செலவையும் கணக்காக எழுதிவைத்ததுதான் அதன் வலிமை என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு குறுக்கே நின்றதையும் மறக்கக்கூடாது; வழக்குரைஞர் சொன்ன சிக்கல் நூறு ஆண்டு பழையது.

கொலம்பியா நாட்டின் தலைநகரான போகோட்டாவில் 1995இல் மேயரான அந்தானாஸ் மொக்கூஸ், அரசியலுக்கு வருவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நிறைவேற்றும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. அதனால் நம் மேயரோடு அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும் அவர் நாடியது உத்தரவுகளை மட்டும் அல்ல. சாலை விதிகளை மீறுவோரை, தண்டச்சீட்டு எழுதுவதற்குப் பதிலாக, ஊமைக்கூத்துக் கலைஞர்களை விட்டு நாணப்படுத்தினார். தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது தொலைக்காட்சியில் தாமே குளித்துக் காட்டி, சோப்புப் போடும்போது குழாயை மூடச் சொன்னார். 2002இல், அவருடைய இரண்டாவது பதவிக்காலத்தில், விருப்பமுள்ளவர்கள் 10 விழுக்காடு கூடுதல் வரி செலுத்தலாம் என்று கேட்டபோது 63,000 பேர் செலுத்தினார்கள்.

இதை இங்கே குறிப்பிடக் காரணம் நம் சொத்து வரி. சென்னையில் 1998க்குப் பிறகு 2022இல்தான் பொதுச் சீராய்வு நடைமுறைக்கு வந்தது. அப்போது கட்டடப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை வரி உயர்ந்தது. கால் நூற்றாண்டு தொடாமல் வைத்திருந்துவிட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது? புதிய மேயர் ஒவ்வோர் அரையாண்டு வரிச் சீட்டோடும், அந்த வார்டில் எவ்வளவு வசூலானது, அங்கே எவ்வளவு செலவானது, மீதி எந்தப் பொதுப் பணிக்குப் போனது என்று ஒரு பக்கக் கணக்கை இணைத்து அனுப்பினால், வரி கட்டுகிறவரின் மனநிலை மாறும் என்று உறுதியாக நம்புகிறேன். 1913 என்ற புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகளையும் அவ்வாறே வார்டு வாரியாக வெளியிடலாம். புகார் 'முடிக்கப்பட்டது' என்று அலுவலகம் குறித்துக்கொள்வதோடு, புகார் கொடுத்தவரும் ஒப்புக்கொண்டாரா என்பது அதில் இடம்பெற வேண்டும்.

பதில்: வழக்குரைஞர், புரசைவாக்கம்

வார்டு வாரியான கணக்கில் ஒரு கவனம் தேவை, தம்பி. மணலி, கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகளில் வசூல் குறைவாகவும் தேவை அதிகமாகவும் இருக்கும். வசூலான அளவுக்குத்தான் செலவு என்ற வாதத்துக்கு அந்தக் கணக்கு பயன்பட்டுவிட்டால், அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் மேலும் சேரும். வடசென்னைக்கு இருப்பதும் போகும். 2011இல் 42 உள்ளாட்சிகளை இணைத்து நகரத்தின் பரப்பை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக்கியபோது, பழைய நகரத்தின் வருவாய் புதிய பகுதிகளின் குறைகளைத் தீர்க்க உதவும் என்ற நியாயமும் அதற்குள் அடங்கியிருந்தது. ஆகவே வெளியிடும் கணக்கில் வசூலோடு, அந்த வார்டில் எத்தனை தெருக்களுக்கு வடிகால் இல்லை, எத்தனை வீடுகளுக்குக் கழிவுநீர் இணைப்பு இல்லை என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் அது நீதியான கணக்காகும்.

பதில்: மணலி ஆசிரியை

நீங்கள் ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு எழுதியதற்கு என் நன்றி. வியாசர்பாடி வாசகி சொன்னதைப் படித்தபோது, எங்கள் பள்ளி வாசலைக் கூட்டும் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. நேற்றுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொசஸ்தலை ஆறு நிரம்பி வழியும் ஆண்டுகளில் மணலி புதுநகரில் வீடுகளுக்குள் நீர் புகுவதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆறு ஒரு துறையிடமும் வடிகால் வேறொரு துறையிடமும் இருப்பதை இன்றுதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

பொறியாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். விட்டுப்போன வடிகால் இணைப்புகளை வரைபடத்தில் குறிக்கலாம் என்றீர்கள். மேயர் வரும்வரை காத்திருக்காமல், எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு பள்ளியைச் சுற்றியுள்ள பத்துத் தெருக்களுக்கு அதைச் செய்ய முடியுமா? செய்தால் எந்த வடிவில் கொடுத்தால் அலுவலகத்தில் அதை எடுத்துக்கொள்வார்கள்?

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், பெரம்பூர்

தாராளமாகச் செய்யலாம், அம்மா. மூடியைத் திறக்கவோ வடிகாலுக்குள் எட்டிப்பார்க்கவோ பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள். உள்ளே நச்சுவாயு இருக்கும். வெளியே நின்று பார்த்தாலே போதும். ஒரு தெருவுக்கு ஒரு தாள். தெருவின் பெயர், வடிகால் எந்தப் பக்கம் இருக்கிறது, நீர் இறங்கும் வாய்கள் எத்தனை, அவற்றில் அடைபட்டவை எத்தனை, சென்ற மழையில் தண்ணீர் எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த எண் வரை நின்றது, எத்தனை நாளில் வடிந்தது ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் உள்ள கறையைப் பார்த்து அளவுகோலால் அளந்து சென்டிமீட்டரில் குறிக்கச் சொல்லுங்கள். நின்றது என்று மட்டும் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். 40 சென்டிமீட்டர் என்று எழுதினால் உதவிப் பொறியாளர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டு படிகள் எடுத்து ஒன்றை வார்டு உதவிப் பொறியாளரிடமும் மற்றொன்றைக் கவுன்சிலரிடமும் கொடுத்து, உங்கள் படியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் அந்த ஆண்டின் மதிப்பீட்டில் சேராது. ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், நானும் மணலிக்கு வந்து பிள்ளைகளோடு முதல் தெருவை நடந்து பார்க்கிறேன்.